வாங்குவார் இல்லாத சந்தை

விற்பனை மேலாளர்களுக்கான லிங்க்ட்இன் குழு ஒன்றில் நுழைந்து பாருங்கள். எல்லாரும் விற்க வந்தவர்கள். சிஆர்எம் மென்பொருள் விற்பவர், விற்பனைப் பயிற்சி நடத்துபவருக்கு வலை வீசுகிறார். பயிற்சிக்காரர் இவர் தலையிலேயே ஒரு வகுப்பைக் கட்டப் பார்க்கிறார். 2016-ல் மைக்ரோசாஃப்ட் இந்தத் தளத்தையே ஏறக்குறைய 2,620 கோடி டாலருக்கு வாங்கியது. நானறிய அங்கே படிந்த பெரிய பேரம் அதுதான்.

இணைப்பு வேண்டுகோளை ஏற்று விரலை எடுப்பதற்குள் செய்தி வந்து விழும்: ‘வணக்கம் சார், உங்கள் பயணம் என்னை மிகவும் கவர்ந்தது. பதினைந்து நிமிடம் பேசலாமா?’ சிலசமயம் ‘சார்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘முதற்பெயர்’ என்றே அச்சாகியிருக்கும். அந்தச் செய்தியில் பொய் கலக்காத ஒரே சொல்.

டார்கெட் கைநழுவிய மாதக் கடைசியில்தான் ‘தோல்வி தந்த பாடங்கள்’ பதிவு வரும், வரிக்கொரு பத்தியாக. முதல் ஆளாகக் கைதட்டுபவர் பதிவு போட்டவருடைய மேனேஜர். திங்கட்கிழமை ரிவ்யூவில் அந்தக் கை மேசையைத் தட்டும்.

ஒருவர் 30,000 இணைப்புகள் வரை சேர்க்கலாம். அதில் பர்ச்சேஸ் மேனேஜர் யாராவது உண்டா? இருப்பார், எட்டிப்பார்த்து வருஷமாகியிருக்கும். அவரைப் பிடிக்க இன்றும் கம்பெனி வாசலில் செக்யூரிட்டியிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது: “அண்ணே, சார் சீட்ல இருக்காரா?”