மூடின வீதியும் முழங்கால் தண்ணீரும்

கார்த்திகை பிறந்தால் மட்டக்களப்பு இரண்டு நாடாகிவிடும். எழுவான்கரையில் கச்சேரி, பெரியாஸ்பத்திரி, நீதிமன்றம். படுவான்கரையில் வயல், மாடு, வாக்குச் சீட்டு. இடையில் வெள்ளம். கிரானிலிருந்து புலிபாய்ந்தகல்லுக்குப் போகிற வீதி மாரிக்கு மாரி தண்ணீருக்குள் போகும். சனம் தோணியிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் போகும். அமைச்சர்மார் வந்து படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

இந்த வெள்ளத்துக்கு அரசாங்கம் கண்டுபிடித்த மருந்து இரண்டு பீப்பாவும் ஒரு கம்பும். வீதி மூடப்பட்டுள்ளது. தடை போட்டது பிழை என்று நான் சொல்லவில்லை. ஓடுகிற தண்ணீர் முழங்காலளவு இருந்தாலே மோட்டார் சைக்கிளைச் சாய்த்துவிடும். ஆனால் வருஷம் முழுக்க அந்த வீதிக்கு நடக்கிற ஒரே அபிவிருத்தி இந்தப் பீப்பாதான் என்றால், அதற்கும் ஒரு திறப்பு விழா வைத்து நாடா வெட்டலாமே!

காய்ச்சல்காரப் பிள்ளையைப் பின்னால் இருத்திக்கொண்டு பீப்பாவைச் சுற்றி ஒருவன் வருகிறான் என்று வையுங்கள். மறுகரையில் பொலிஸ் மறிக்கும். சாரதி அனுமதிப்பத்திரம் பொலிசின் பைக்குள் போகும். தண்டச் சீட்டு இவன் கைக்கு வரும். 14 நாளைக்குள் தபால் கந்தோரிலோ வேறு வழியிலோ கட்ட வேண்டும். சீட்டைச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தாலும் ஆச்சரியமில்லை. வடக்குக் கிழக்கில் தமிழே நிர்வாக மொழி என்று 1988இல் 16ஆவது திருத்தம் சொன்னது. அந்தத் திருத்தமும் எங்கேயோ வெள்ளத்தில் நிற்கிறது போலும்.

சரி, கட்டமாட்டேன், வழக்காடுவேன் என்று அவன் நினைத்தால்? மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, எந்த நீதவான் நீதிமன்றமானாலும் எழுவான்கரையில்தான். மூடின வீதியில் போன குற்றத்தை மறுக்க, அவன் மூடின வீதியாலேயே மறுபடி போக வேண்டும். தவணைக்கு வராவிட்டால் பிடியாணை. வந்தால் இன்னொரு தண்டச் சீட்டு.

கூண்டில் ஏறினாலும் கேள்வி ஒன்றுதான்.

“வீதி மூடியிருந்தது தெரியுமா?”

“தெரியும் ஐயா. நான் பிறந்ததிலிருந்து மாரியில் அது மூடித்தான் கிடக்குது.”

குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று எழுதிக்கொள்வார்கள்.

சிரிக்கிற விஷயமில்லை இது. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் இல்லாத இடத்தில் மிதப்புப் பாதை கவிழ்ந்தது. அன்றைக்கே ஆறு பேர் போனார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதில். பாதை ஓட்டியவர்கள் கைதானார்கள். 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு மாவடிப்பள்ளியில் மதரசா மாணவர்களை ஏற்றிப்போன உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்தது. பிள்ளைகளின் உடல்களைத் தேடி எடுத்தார்கள். மதரசாவின் அதிபரும் ஆசிரியரும் கைதானார்கள். ஓட்டினவனையும் ஏற்றினவனையும் பிடிக்க இந்தச் சட்டத்துக்கு நல்ல கண். பாலம் போடாதவனைக் கண்டால் மட்டும் அதற்கு மாலைக்கண்.

அரசாங்கமே மூடின வீதிகளின் கதை தனி. வடக்கே வசாவிளான் – பலாலி வீதி 1990இலிருந்து சனத்துக்கு இல்லாமல் கிடந்தது. 2025 ஏப்ரல் 10 அன்று திறந்தார்கள், ஒரு பலகையும் நட்டார்கள். அன்றைக்கு அந்தப் பலகை சொன்னது: காலை ஆறிலிருந்து மாலை ஐந்து வரைதான் போகலாம். நடக்கக்கூடாது, நிற்கக்கூடாது, திருப்பக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. மூச்சு விடுவதைப் பற்றி எழுதப் பலகையில் இடம் காணாமல் போயிருக்கும். மூன்று தசாப்தத்துக்கு மேல் பிறத்தியாரின் வீதியை மறித்து வைத்திருந்ததற்கு எந்தத் தபால் கந்தோரில் யார் தண்டம் கட்டினார்கள்?

ஆகவே படுவான்கரைச் சனங்களே, சீட்டு வந்தால் பயத்தில் குற்றவாளி என்று தலையாட்டிவிட்டு வராதீர்கள். சுற்றவாளி என்று சொல்லுங்கள். வீதியை மூடச் சொன்னது யார், எந்தக் கடிதத்தின்படி, மாற்றுவழியை எங்கே காட்டினார்கள் என்று கேளுங்கள். அதோடு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பமும் போடுங்கள்: இந்த வீதியை உயர்த்தவும் பாலம் போடவும் எத்தனை தடவை மதிப்பீடு செய்தீர்கள், காசு எங்கே? தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல அவர்களுக்கும் 14 வேலை நாள்தான் தவணை.