நலம் விசாரிக்க வந்த நல்லோர்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். மழை பொய்த்தாலும், மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்றாலும், வெங்காயம் விலை சரிந்தாலும் ஒன்று மட்டும் தவறாமல் விளைகிறது: ஆய்வு. வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவர்களின் குடும்பங்கள் நலமாக இருக்கின்றனவா என்று கேட்டறிய, கையில் டேப்லெட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாகப் புண்ணியவான்கள் வந்துவிடுகிறார்கள். அப்பா போன வளைகுடாவுக்கே மகனும் போயிருக்கும் வீடுகள் லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் ஏராளம். அந்த வாசல்களை இவர்கள் மிதிப்பதே பாக்கியம்.

முதலில் மெச்ச வேண்டியது அவர்கள் வரும் நேரம். காலை பதினொரு மணி. செட்டிகுளம் பக்கத்துப் பெண்கள் சின்ன வெங்காயக் காட்டிலும், ஆண்டிமடம் பக்கத்துப் பெண்கள் முந்திரிக் கொல்லையிலும் குனிந்திருக்கும் வேளை. உழைக்கிறவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணமாக இருக்க வேண்டும். கதவு பூட்டியிருந்தால் அதைக் குறிக்கவும் படிவத்தில் ஓர் எண் உண்டு. பூட்டையும் பதிவு செய்யும் துறை வேறு எங்கே இருக்கிறது?

ஆள் அகப்பட்டால் முதல் கேள்வி, “குடும்பத் தலைவர் இருக்காராக்கா?”

“அவருதான் தம்மாம்ல இருக்காரே தம்பி. அதுக்குத்தானே நீங்க வந்திருக்கீங்க?”

“பரவால்லக்கா, தலைவர் பேரச் சொல்லுங்க.”

என்ன பெருந்தன்மை! பட்டறை போட்ட வெங்காயத்தை எப்போது பிரிப்பது, எந்த வியாபாரிக்குப் போடுவது, ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடனில் இந்த மாதம் எவ்வளவு அடைப்பது என்று அத்தனையையும் அந்த அம்மாள் முடிவு செய்கிறார். ஆனால் சிட்டா அவர் பெயரில் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால், “பட்டாதாரர் எங்கம்மா?” என்பார்கள். அந்தச் சிக்கலைக் கிளறி அவரைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று படிவம் நாகரிகமாக அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது.

அடுத்த பக்கத்தில் கூரை. கீற்றா, ஓடா, கான்கிரீட்டா? கான்கிரீட் என்றால் நலம் ஏறிவிடும். மேலே தளம் போட்டதோடு பணம் தீர்ந்து, வெளிப்பூச்சில்லாமல் செங்கல் பல்லிளிக்க, ஜன்னலுக்குச் சிமெண்ட் சாக்கு கட்டியிருந்தாலும் கான்கிரீட் கான்கிரீட்தானே. குளிர்சாதனப் பெட்டி உண்டா என்ற கேள்விக்கும் ‘உண்டு’ விழுந்துவிட்டால், அது ஓடுகிறதா என்று கேட்கும் அற்பத்தனம் நம் ஆய்வாளரிடம் கிடையாது.

சிகரம் இனிமேல்தான். “கணவர் வெளிநாடு போன பிறகு உங்கள் மகிழ்ச்சி எப்படி? மிகவும் கூடியது, ஓரளவு கூடியது, மாற்றமில்லை, ஓரளவு குறைந்தது, மிகவும் குறைந்தது. இதில் ஏதாவது ஒன்று சொல்லுங்கக்கா.” கேள்வி கேட்கப்படுவது திண்ணையில். அருகில் மாமியார் வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கிறார். எதிர்த் திண்ணையில் நாத்தனார். இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு மருமகளிடம் மனத்தின் உண்மையைக் கேட்கும் நுட்பத்தை நீதிமன்றங்கள்கூட இன்னும் கற்கவில்லை. அந்த அம்மாள் ஒரு கணம் மாமியாரைப் பார்க்கிறார். “மாற்றமில்லன்னு போட்டுக்குங்க தம்பி.” விரல் திரையைத் தட்டுகிறது, எண் 3. கல்யாணமான நாற்பதாம் நாள் திருச்சியில் விமானம் ஏறியவர், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறவர், பெற்ற பிள்ளைக்கு ஐஎம்ஓ செயலித் திரையில் தெரியும் முகம். எல்லாம் சேர்த்து 3.

லீலா குலாதி என்றோர் அறிஞர் கேரளத்தில் இதே விஷயத்தை ஆராய்ந்தார். கணவன்மார் வளைகுடாவில் இருக்க, ஊரில் குடும்பம் நடத்திய பெண்களின் வாழ்க்கைக் கதைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, 1993-ல் புத்தகமாக்கினார். பாவம், அவரிடம் டேப்லெட் இல்லை.

2015-ல் ஆய்வாளர் இருதயராஜன் குழுவினர் 20,000 வீடுகளில் நடத்திய தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு உருப்படியான வேலை; அதைக் குத்திக்காட்ட எனக்கு மனம் வரவில்லை. வெளிநாட்டில் இருக்கும் தமிழ்நாட்டவர் சுமார் 22 லட்சம், அவர்கள் அனுப்பும் பணம் ஆண்டுக்கு ஏறத்தாழ 62 ஆயிரம் கோடி ரூபாய் என்று அது சொன்னது. போற்றுதலுக்குரியவர்கள் அந்த எண்ணைக் கையில் வைத்திருப்பவர்கள். கேரளத்தாருக்குச் சந்தேகப் புத்தி. 1998 முதல் சில ஆண்டுகளுக்கொரு முறை திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறார்கள். நமக்கு ஒருமுறை எண்ணினால் போதும். பத்தாண்டு கடந்தும் நம் மேடைகளில் அந்த 22 லட்சம் பேர், ஒருவர்கூடத் திரும்பாமல், ஒருவர்கூடப் புதிதாகப் போகாமல், கட்டுக்கோப்பாக நிற்கிறார்கள். மக்கள்தொகைக் கணக்கும் 2011-ஓடு ஓய்வெடுப்பதால், பெரம்பலூர் மாவட்டம் 5,65,223 பேரோடு இளமை மாறாமல் இருக்கிறது.

அமெரிக்காவிலும் புலம்பெயர்ந்தோர் நலத்தை விசாரிக்கும் இப்படி ஒரு துறை செழிக்கிறது. மெக்சிகோ முதலிய நாடுகளிலிருந்து குடியேறிய ஹிஸ்பானிக் மக்கள் ஏழைகளாக இருந்தும், வசதியான வெள்ளையரைப் போலவே ஆரோக்கியமாக இருக்கிறார்களே என்று 1986-ல் மார்க்கிடஸ், கோரீல் என்ற இருவர் வியந்து எழுதினார்கள். அந்தப் புதிருக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, நோய் முற்றியவர்கள் சாகச் சொந்த ஊருக்குத் திரும்பிவிடுவதால் அந்தச் சாவு அமெரிக்கக் கணக்கில் ஏறுவதில்லை என்பது. இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்குப் பெரும் விவாதம் தேவைப்பட்டது. ஜெயங்கொண்டம் டீக்கடையில் கேட்டிருந்தால் ஒரு டீ செலவில் முடிந்திருக்கும். கட்டட வேலையில் முதுகு உடைந்து வந்தவரும், வெயிலில் வெந்து கிட்னி கெட்டு வந்தவரும் நம் படிவத்தில் ‘திரும்பி வந்தோர்’ என்ற ஒரே கட்டத்தில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை புகழாமல் விடக்கூடாது. வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும். அந்தத் தொகையோடு நின்ற குடும்பத்தை ஆய்வாளர் யாராவது சந்தித்தால் மாலை போட்டு ஊர்வலம் விடலாம்.

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்து 45 இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டவர். யார், எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்ற விவரமெல்லாம் ஓரிரு நாளில் துல்லியமாகக் கிடைத்துவிட்டது. உயிரோடு இருப்பவர்களைப் பற்றித்தான் நம்மிடம் மதிப்பீடு இருக்கிறது.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்ததை ஆய்வாளர்கள் ஆங்கிலத்தில் எழுதி, சந்தா கட்டினால்தான் திறக்கும் இதழ்களில் பத்திரமாகப் பூட்டி வைக்கிறார்கள். சொன்னவர்கள் கண்ணில் பட்டுத் தொலைக்கக் கூடாதே என்ற அக்கறை. ஆனாலும் ஒரு விண்ணப்பம். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஏதாவது ஒரு நாள் வந்து, கேட்டுப் போனதில் என்ன கண்டீர்கள் என்று தமிழில் வாசித்துக் காட்டுங்கள். டீ நாங்கள் வாங்கித் தருகிறோம்.