ஈ.எஸ்.ஐ. பணம் கைக்கு வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

சேவூர் பஸ் ஸ்டாப்பில் விடிகாலையில் கம்பெனி வண்டிக்கு நிற்கும் டைலர்கள், செக்கிங் பெண்கள், கைமடி உதவியாட்கள் அனைவருக்கும் இந்த வழிகாட்டி. உடம்பு சரியில்லாமல் போனாலோ பிள்ளை பிறந்தாலோ அரசாங்கம் பணம் கொடுத்துத் தொலைத்துவிடுமோ என்ற கவலை இனி வேண்டாம். கீழே சொல்லியிருப்பதில் பாதியை நீங்கள் ஏற்கெனவே அருமையாகச் செய்துவருகிறீர்கள். மீதியையும் பழகிக்கொண்டால் ஒரு பைசா வராது.

முதலில் ஆபத்து எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு 1948ஆம் வருஷத்துச் சட்டத்தில் பிறந்தது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கம்பெனியில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேல் போகாதவர் எல்லாரும் அதற்குள் வருகிறார்கள். 2019 ஜூலையிலிருந்து நூறு ரூபாய்க்கு உங்கள் பங்கு முக்கால் ரூபாய், கம்பெனி பங்கு மூன்றேகால் ரூபாய். நாளுக்கு 500 ரூபாய் வாங்கினால், ஞாயிறு போக, மாதம் 98 ரூபாய் பிடிப்பார்கள். அதற்குப் பதிலாகப் பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம், அதாவது 91,000 ரூபாய். நோய் வந்தால் வருஷத்தில் 91 நாள் வரை, நாளுக்கு 350 ரூபாய். இவ்வளவு பணத்திலிருந்து தப்பிப்பது சுலபமில்லை. ஆனாலும் முடியும்.

1. பிடித்தமே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் காண்ட்ராக்டர் கேட்பார்: "ஏம்மணி, ஈ.எஸ்.ஐ. புடிக்கட்டுமா, முழுசாக் குடுத்தரட்டுமா?" யோசிக்காமல் சொல்லுங்கள்: "முழுசாவே குடுத்துருங்ணா." அந்தக் கேள்விக்கே சட்டத்தில் இடமில்லை. பங்கு கட்டுவது உங்கள் இஷ்டமும் இல்லை, அவர் இஷ்டமும் இல்லை. ஆனால் இவ்வளவு மரியாதையாகக் கேட்பவரிடம் சட்டம் பேசலாமா? உங்களுக்கு மாதம் 98 ரூபாய் மிச்சம். அவருக்கு 423 ரூபாய் மிச்சம். இரண்டு பேரும் சிரித்த முகமாக வீட்டுக்குப் போகலாம்.

2. பிடித்துவிட்டார்களா? போகட்டும், கட்டினார்களா என்று மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் காப்பீட்டு எண்ணைப் போட்டால் எந்த மாதம் எத்தனை நாளுக்குக் கட்டியிருக்கிறது என்று போனிலேயே தெரிந்துவிடும். எனவே போனைச் சீரியல் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் திங்கட்கிழமை சேவூர் ஏலத்துக்குக் கடலை மூட்டை கொண்டுபோனால் எடை சரியா என்று நாலு தடவை எட்டிப் பார்ப்பார். அது அவர் சுபாவம். நீங்கள் பெருந்தன்மையாக இருங்கள்.

3. கம்பெனி மாறும்போதெல்லாம் புது ஈ.எஸ்.ஐ. நம்பர் வாங்குங்கள். இந்த வழிகாட்டியிலேயே மிகச் சிறந்த உத்தி இதுதான், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை கட்டிய பங்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை வரும் நோய்க்குக் கணக்கு. அக்டோபரிலிருந்து மார்ச் வரை கட்டியது ஜூலை முதல் டிசம்பர் வரைக்கு. நோய்ப் பணம் வாங்க அந்த ஆறு மாதத்தில் 78 நாள் பங்கு வேண்டும். பிரசவத்துக்கு முந்தைய இரண்டு அரையாண்டும் சேர்த்து 70 நாள் போதும். நீங்கள் பீஸுக்குப் பத்துப் பைசா கூடுதல் என்று அவிநாசியில் 40 நாள், பெருமாநல்லூரில் 40 நாள் தைத்திருக்கிறீர்கள். ஒரே நம்பர் என்றால் கூட்டினால் 80, மாட்டிக்கொள்வீர்கள். இரண்டு நம்பர் என்றால் அங்கே ஒரு நாற்பது, இங்கே ஒரு நாற்பது, நோய்க்கு எதுவும் உதவாது. அந்தப் பத்து இலக்க நம்பர் ஆயுசுக்கும் ஒன்றுதான், எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கூடவே வரும். அதனால்தான் சேரும்போது "முன்னாடி ஈ.எஸ்.ஐ. இருந்துச்சா?" என்று கேட்டால் "இல்லீங்" என்று சொல்லிவிட வேண்டும்.

கூடவே பெயரையும் கவனியுங்கள். ஒரு கம்பெனியில் அப்பா இனிஷியல், அடுத்ததில் வீட்டுக்காரர் இனிஷியல், ஆதாரில் இனிஷியலே கிடையாது, பேங்க் புத்தகத்தில் ஓர் எழுத்துப் பிழை. நாலும் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பதற்குள் பிள்ளை பால்வாடிக்குப் போய்விடும்.

4. சம்பளத்தை இரண்டாகப் பிரித்து வாங்குங்கள்: பாதி ரெக்கார்டில், பாதி கவரில். ரெக்கார்டில் 250 என்று இருந்தால் 91,000 ரூபாய் 45,500 ஆகிவிடும். முழு வெற்றி இல்லைதான். புதிதாகப் பழகுகிறவர்கள் இதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

5. மாசமாக இருப்பதை யாரிடமும் சொல்லாதீர்கள். பிரசவத் தேதிக்கு எட்டு வாரம் முன்னாலிருந்தே பணம் வாங்கலாம் என்கிறார்கள், கேட்காதீர்கள். ஷிப்மென்ட் முடியட்டும். ஓவர்லாக் மெஷினுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இடம் இருக்கும்வரை ஒன்றரை ஷிப்டு ஓட்டுங்கள். பிறகும் லீவு என்ற வார்த்தையை வாயில் எடுக்காதீர்கள். பிரசவப் பணம் வாங்கும் காலத்தில் ஆளை நீக்கக் கூடாது என்று அந்த 1948ஆம் வருஷத்துச் சட்டத்தின் 73ஆம் பிரிவு சொல்லியிருந்தது, கம்பெனிக்கு எவ்வளவு சங்கடம்! "நின்னுக்கறேனுங்" என்று சொல்லிவிட்டுக் கணக்கை முடித்துக்கொண்டால் யாரும் யாரையும் நீக்க வேண்டியதில்லை. அப்புறம் நர்சம்மாவிடம் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்து 18,000 ரூபாயைப் பற்றி விசாரித்துவிட்டு, அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிடுங்கள்.

கரு கலைந்துவிட்டால் ஆறு வாரத்துக்குப் பணம் உண்டு. அதைக் கேட்கச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்கு வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சூப்பர்வைசரிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு மூன்றாம் நாள் மெஷினில் உட்காருங்கள். இதைச் சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்லை.

6. காய்ச்சல் வந்தால் நேராக மருந்துக்கடைக்குப் போய் ஒரு செட் மாத்திரை கேட்டு வாங்குங்கள். ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார், அந்தச் சீட்டுதான் பணத்துக்கு வேர். "அங்க என்னங்க, ஒரே கூட்டம்" என்று சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். திருப்பூருக்கு நூறு படுக்கை ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி என்று 2019 பிப்ரவரியில் பெருமாநல்லூர் மேடையில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அதற்கு முந்தைய காலமெல்லாம் பெரிய வைத்தியம் என்றால் கோவைக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது. அந்தக் கோபத்தை ஆறவிடாதீர்கள். படுக்கை கிடைப்பது வேறு, சம்பளத்துக்குப் பதில் பணம் கிடைப்பது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டால்தான் இரண்டும் கிடைக்காது. முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை என்பது விதி. அப்படியென்றால் எந்த நாளுக்குமே இல்லை என்று நீங்களாகவே தீர்மானித்துக்கொள்ளலாம்.

7. லீவில் இருக்கும்போது சும்மா இருக்காதீர்கள். பக்கத்து வீட்டு பவர் டேபிள் தையல் யூனிட்டில் போய் உட்காருங்கள். கூலிக்கு வேலை செய்த நாளுக்குப் பணம் கிடையாது.

8. தத்தெடுப்பவர்களுக்கு வேலையே வைக்காமல் சட்டமே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. 2017இல் வந்த விதியில் தத்துத் தாய்க்கு 12 வாரம் என்றார்கள். ஆனால் குழந்தைக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்றார்கள். குழந்தையை ஒப்படைத்த பெற்றோர் மனம் மாறுவதற்கு இரண்டு மாத அவகாசம் கொடுப்பது இன்னொரு சட்டம். அதற்குப் பிறகு குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு, அதற்குப் பிறகு காத்திருப்போர் வரிசை. நீங்கள் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான்: அதுவரை வளராமல் இருக்கச் சொல்லிக் குழந்தைக்குத் தகவல் அனுப்புவது.

9. இவ்வளவுக்குப் பிறகும் பணம் வரவில்லையே என்று வயிறு எரிந்தால் தாராளமாகப் புகார் சொல்லுங்கள். கம்பெனி வண்டியில் சொல்லுங்கள், வாலீஸ்வரர் கோயில் வாசலில் சொல்லுங்கள், நாத்தனாரிடம் இரண்டு தடவை சொல்லுங்கள். ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கம்பெனி கட்டாத பங்கை வட்டியோடு வசூலிக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. எழுதிக் கொடுத்தால் நகலில் சீல் வைத்துத் தர வேண்டும், சீல் வைத்த தாளுக்குப் பதில் சொல்ல வேண்டும், பதிலுக்காகக் கம்பெனிக்கு ஆள் அனுப்ப வேண்டும். எதற்குங்க அவ்வளவு பேருக்குத் தொந்தரவு?