கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒரு ஆடிட்

கம்ப்யூட்டர் உலகத்திலும் நடுத்தர வர்க்கம் உண்டு. அதன் நம்பர் அறுபதில் முடியும். என்விடியா கம்பெனி 2016-இல் 1060 என்று ஒரு கிராஃபிக்ஸ் கார்டு விட்டது. 2019-இல் 2060, 2021-இல் 3060, 2023-இல் 4060, 2025-இல் 5060. ஐம்பதில் முடிகிற கார்டு வாங்கினால் "பாவம், கையைக் கடித்திருக்கும்" என்பார்கள். எழுபது வாங்கினால் பையனுடைய அப்பா துபாயில் இருக்கிறார். எண்பதும் தொண்ணூறும் ஈசிஆரில் பங்களா வைத்திருப்பவர்கள் சமாச்சாரம். நமக்கெல்லாம் சஷ்டியப்த பூர்த்தியோடு சரி.

இந்த வர்ணாசிரமம் எனக்குத் தெரிய வந்தது அக்கா மகன் விஸ்காம் சேர்ந்த பிறகுதான். மந்தைவெளியில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் நான் காலம் தள்ளுவதால், சாந்தோமில் எங்கள் குடும்பத்தில் யார் எதை வாங்கினாலும் கடைசிக் கையெழுத்து என்னுடையது. ஃபிரிட்ஜானாலும் சரி, பாட்டியின் காது மெஷினானாலும் சரி. "மாமா, பிளெண்டர் ஓடணும், பிரீமியர் ஓடணும். ஒரு கார்டு வேணும்" என்று வந்து நின்றான். முதலாவது 3டி உருவங்கள் செய்கிற மென்பொருள், அடுத்தது வீடியோ எடிட்டிங். கேம் என்ற சொல் அவன் வாயிலிருந்து வரவே இல்லை. கம்பெனிக் கணக்குகளில் 'இதர செலவுகள்' என்று ஒரு தலைப்பு இருக்கும். கேம் அதற்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன். பட்ஜெட் முப்பதாயிரம். ஒரு தாளை எடுத்துக் கட்டம் போட்டு, கம்பேரட்டிவ் ஸ்டேட்மென்ட் எழுத ஆரம்பித்தேன்.

முதல் கட்டத்திலேயே கணக்கு உதைத்தது. மெமரி: 3060-க்கு 12 ஜிபி. அதற்குப் பின்னால் வந்த 4060-க்கு 8. அதற்கும் பின்னால் வந்த 5060-க்கும் 8. இத்தனைக்கும் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 480-இல் 239 டாலருக்கு 8 ஜிபி கிடைத்தது, 2016-இல். ஒன்பது வருஷம் கழித்து 299 டாலர் கொடுத்தாலும் அதே எட்டு.

"அப்ப 3060-க்கு மட்டும் ஏண்டா பன்னிரண்டு? யாருக்காவது பொறந்த நாளா?"

"பஸ் மாமா. 192 பிட்."

விசாரித்ததில் விஷயம் இதுதான். அந்த கார்டில் மெமரிக்குப் போகும் பாதை 192 பிட் அகலம். அதில் ஆறு மெமரி சிப் உட்காரும். ஒவ்வொன்றும் ஒரு ஜிபி என்றால் மொத்தம் ஆறு. இரண்டு ஜிபி என்றால் பன்னிரண்டு. 2021-இல் ஆறு என்று போட்டால் மானம் போய்விடும். அதனால் பன்னிரண்டு. தர்ம சிந்தனை காரணமில்லை, வாய்ப்பாடுதான் காரணம். 4060-இல் அந்தப் பாதையை 128 பிட்டாகச் சுருக்கிவிட்டார்கள். சிப் நாலு, மெமரி எட்டு. சுருக்கியதற்கு ஈடாக உள்ளே கேஷ் மெமரியை 24 எம்பியாக்கி வேகத்தைச் சரிக்கட்டினார்கள். பெரும்பாலான கேம்களில் 3060-ஐவிட 4060 வேகமானதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிளெண்டரில் பெரிய சீன் ஒன்றை ஏற்றி இடம் போதாமல் போனால், கேஷ் எவ்வளவு இருந்து என்ன பயன்?

இடைநிலை கார்டின் சாமர்த்தியமே, குறைகிற அந்த ஒரு பொருளைச் சரியாக அடுத்த படியில் வைத்திருப்பதுதான். 2025 வரிசையைப் பாருங்கள். 5060 விலை 299 டாலர், 8 ஜிபி. இன்னும் 80 டாலர் போட்டால் 5060 டிஐ. அதுவும் 8 ஜிபிதான். மேலும் 50 போட்டால் அதே பெயரில் 16 ஜிபி. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, 549 கொடுத்து 5070-க்கே போய்விடலாம் என்று தோன்றும். போனால், அங்கே 12 ஜிபி. படியேறி மேலே வந்த பிறகு நாலு ஜிபி தொலைந்திருக்கும். எந்தப் படியில் நின்றாலும், பக்கத்துப் படியில் நாம் தேடுகிறது இருக்கிற மாதிரியே தெரியும்.

அடுத்த கட்டம் வேகம். ஒரு விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதுதான் இந்தத் துறையின் நாணயம். விலையை ஃபிரேமால் வகுத்து, ஒரு ஃபிரேம் என்ன விலை என்று பார்ப்பார்கள். எனக்குப் பிடித்த வகுத்தல். ஆனால் வகுக்கும் எண்ணில் ஒரு கோளாறு. புதிய கார்டுகளில் 'ஃபிரேம் ஜெனரேஷன்' என்று ஒன்று உண்டு. கார்டு நிஜமாக ஒரு ஃபிரேமை வரையும். கூடவே மூன்று வரை ஏஐ ஊகித்துச் செருகும். 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மேடையில், பளபளக்கும் தோல் ஜாக்கெட்டோடு நின்ற என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் 5070-இல் 1,599 டாலருக்கு வந்த 4090-இன் வேகம் கிடைக்கும் என்று சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான். நாலு ஃபிரேமில் மூன்றுக்கு வவுச்சர் இல்லை. எங்கள் ஆபீசில் எந்தக் கிளையன்ட்டாவது இப்படி விற்பனையைக் காட்டினால், சீனியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார். நான் வவுச்சர் உள்ள ஃபிரேம்களை மட்டும் எழுதிக்கொண்டேன்.

தாளில் பார்த்தது போதும், நேரில் பார்ப்போம் என்று கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில் பறக்கும் ரயிலைப் பிடித்து சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினோம். அங்கிருந்து நடை. டெல்லிக்கு நேரு பிளேஸ், மும்பைக்கு லேமிங்டன் ரோடு, நமக்கு ரிச்சி ஸ்ட்ரீட். ஒரு காலத்தில் ரேடியோ வால்வும் கண்டன்சரும் தேடி வந்தவர்கள் மோதிக்கொண்ட அதே சந்தில், இப்போது அவர்கள் பேரப்பிள்ளைகள் எஸ்எஸ்டி கேட்டு மோதிக்கொள்கிறார்கள். நடுவில் ஒரு டிவிஎஸ் 50, ஆள் உயரத்துக்கு மானிட்டர் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு ஹாரனே அடிக்காமல் ஊடுருவும்.

கடைக்காரத் தம்பி எங்களைப் பார்த்ததும் கேட்ட முதல் மூன்று கேள்விகள் எந்த ரிவ்யூவையும்விட உருப்படியானவை.

"எஸ்எம்பிஎஸ் எவ்ளோ வாட்ஸ் சார்? போர்டு எந்த ஜெனரேஷன்? மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ்?"

கார்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் வீட்டில் ஏற்கெனவே இருப்பதைப் பற்றி. அங்கேயே எனக்கு மரியாதை வந்துவிட்டது. பையன் பதில் சொன்னான்: எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளை 550 வாட்ஸ், போர்டு 2018 வாக்கில் அசெம்பிள் செய்தது, மானிட்டர் 60 ஹெர்ட்ஸ்.

அந்தப் பதிலோடு பாதி ஸ்டேட்மென்ட் அடிபட்டது. 2024 டிசம்பரில் 249 டாலருக்கு வந்த இன்டெல் பி580-ஐ நான் ஆசையாக எழுதி வைத்திருந்தேன்; 12 ஜிபி, விலையும் குறைவு. ஆனால் அதற்கு ரீசைஸபிள் பார் என்கிற வசதியுள்ள போர்டு வேண்டும். பத்தாம் தலைமுறை ப்ராசசருக்கு முந்தைய வீட்டில் அது சம்பந்தம் செய்யாது. 4060-உம் 5060-உம் ஸ்லாட்டின் முழு நீளத்துக்கு உட்காருமே தவிர, பதினாறு லேனில் எட்டில்தான் பேசும். புது போர்டில் இது பெரிதாகத் தெரியாது. பழைய போர்டில் ஒவ்வொரு லேனுக்கும் வேகம் குறைவு. எட்டு ஜிபி நிரம்பி, மிச்சத்தை ராமில் வைத்து எடுக்கிற நேரத்தில், போக்குவரத்து கச்சேரி ரோடு காலை ஒன்பது மணி ஆகிவிடும். 3060 மட்டும் பதினாறிலும் பேசும்.

"அது ரெண்டு ஜெனரேஷன் பழசு மாமா" என்றான் பையன், துக்கம் விசாரிக்கிற குரலில்.

அந்த கார்டுக்கு ஒரு பூர்வ கதையும் உண்டு. 2021-இல் எத்தீரியம் என்கிற கிரிப்டோ நாணயத்தை மைனிங் செய்கிறவர்கள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போகக்கூடாது என்று, மைனிங் வேகத்தைப் பாதியாக்கும் பூட்டு ஒன்றைப் போட்டு 3060-ஐ விற்றது என்விடியா. அடுத்த மாதமே, அந்தப் பூட்டைத் திறந்துவிடும் டிரைவர் ஒன்றைக் கைதவறி அவர்களே வெளியிட்டார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டு மைனிங்கைக் கைவிட்ட பிறகு அந்த அள்ளல் ஓய்ந்தது. இரவு பகலாக உழைத்துக் களைத்த பழைய மைனிங் கார்டுகள், துடைத்து பாலிஷ் போட்டு, இன்றும் செகண்ட் ஹேண்டில் வரும். நான் பில்லும் வாரண்டியும் உள்ள புதுசைத்தான் காட்டச் சொன்னேன்.

தம்பி இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். இரண்டிலும் ஒரே சிப், ஒரே 12 ஜிபி. ஒன்று கறுப்பாக, ரெண்டு ஃபேனோடு, சத்தமில்லாமல் இருந்தது. மற்றது மூன்று ஃபேன், நாலாயிரம் அதிகம். அதன் முகப்பில் இல்லாத கோணம் இல்லை. வெட்டும் சரிவும் வெள்ளிப் பட்டையுமாக, கோபத்தில் இருக்கிற பூரான் மாதிரி இருந்தது. மூலையில் வானவில் லைட். வேகம் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ கூடுதலாம். 170 வாட்ஸ் குடிக்கிற கார்டுக்கு ரெண்டு ஃபேனே தாராளம். மூன்றாவது, கல்யாணத்துக்கு வந்த தூரத்து உறவு.

"இதைக் கேபினட்ல மாட்டிக் காட்டுங்க தம்பி" என்றேன்.

மாட்டினார். அங்கேதான் டிசைனின் மர்மம் வெளிப்பட்டது. கார்டு படுக்கைவசமாக உட்காருகிறது. ஃபேன்கள் தரையைப் பார்க்கின்றன. நாலாயிரம் ரூபாய்க் கோணமெல்லாம் தலைகீழாக, கீழே உள்ள எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தரிசனம் தருகிறது. கண்ணாடிக் கதவு வழியாக நமக்குத் தெரிவது கார்டின் விளிம்பும் முதுகும்தான்.

"நிமிர்த்தி வைக்க வெர்ட்டிகல் கிட் தனியா இருக்கு சார்."

"அது எவ்வளவு?" என்று கேட்கப்போனவன், படிக்கட்டு ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

மேலும், எங்கள் வீட்டு மேஜைக்கும் கடலுக்கும் நடுவே நாலு தெருதான். சாந்தோமில் எந்த டிசைனும் மூன்று வருஷத்துக்கு மேல் கம்பெனி டிசைனாக இருப்பதில்லை. உப்புக்காற்று தன் பங்குக்கு வேலை செய்யும். ஜன்னல் கம்பி, கதவுக் கொண்டி, ஏசியின் வெளி யூனிட், கேபினட் ஸ்க்ரூ எல்லாமே ஒரே காவி நிறத்துக்கு வந்துவிடும். தூசி இங்கே பறக்காது, பிசினாக ஒட்டும். சந்துபொந்து நிறைந்த பூரானைச் சுத்தம் செய்யப் பழைய டூத் பிரஷோடு யார் உட்காருவது? தட்டையான கார்டு ஒரு துடைப்பில் முடியும். டிசைன் கட்டத்தில் கறுப்புக்கு முழு மார்க் போட்டேன்.

கடைசியாகக் கரண்ட். முழு மூச்சில் தினம் நாலு மணி நேரம் ஓடினால், 170 வாட்ஸ் கணக்கில் அறுபது நாளுக்கு ஏறக்குறைய 41 யூனிட். வீட்டு ரீடிங் இரண்டு மாதத்துக்கு 450-ஐ ஒட்டி வரும். கூட்டினால் 491. தமிழ்நாட்டில் இந்தக் கூட்டல் உயிர்நாடி. 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே கிடக்கிற யூனிட்டுக்கும் ரேட் மாறிவிடும். மிச்சம் ஒன்பது யூனிட். அதை வைத்து அக்கா அயர்ன் பாக்ஸ் உபயோகத்தில் கொஞ்சம் நிதானம் காட்ட வேண்டும் என்று ஆடிட் குறிப்பு எழுதினேன். அக்கா அந்தக் குறிப்பை ஏற்கவில்லை. ரெண்டரிங் செய்கிறவன் கசங்கின சட்டையோடு காலேஜ் போகட்டும் என்று பதில் வந்தது.

தீர்ப்பு: 3060, 12 ஜிபி, கறுப்பு. "4060 வேகம் மாமா, 5060 அதைவிட வேகம்" என்று மேல்முறையீடு வந்தது. அவன் மானிட்டர் விநாடிக்கு அறுபது தடவைதான் படம் மாற்றும். அவன் ஆடுகிற கேமில் 3060-ஏ அறுபதைத் தாண்டுகிறது; அதற்கு மேல் வருகிற ஃபிரேம்களைப் பார்க்க ஆளில்லை. கண்ணுக்குத் தெரியாத வேகத்துக்குக் காசு கொடுப்பதைவிட, தீர்ந்தால் வேலையே நின்றுபோகிற மெமரிக்குக் கொடுக்கலாம். நாளைக்குப் புது போர்டும் 180 ஹெர்ட்ஸ் மானிட்டரும் வாங்கினால் இந்த ஸ்டேட்மென்ட் செல்லாது. அன்றைக்கு வேறு தாள் எடுப்போம்.

ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து பில் போட்டார்கள். "உங்க ஆபீஸ் பேர்ல போட்டா இன்புட் கிரெடிட் வருமே மாமா" என்று பையன் காதோடு சொன்னான். விஸ்காமில் கெட்டுப்போகவில்லை, என்னைப் பார்த்துத்தான் கெட்டிருக்கிறான் என்று தெரிந்து பெருமையாகவும் பயமாகவும் இருந்தது. அவன் பேரிலேயே போடச் சொன்னேன்.

இப்போது அவன் செமஸ்டர் புராஜெக்டுக்கு சாந்தோம் பேராலயத்தை பிளெண்டரில் கட்டிக்கொண்டிருக்கிறான். போர்ச்சுகீசியர் எழுப்பிய கோயில் இருந்த இடத்தில் 1896-இல் எழுந்த கோதிக் பாணிக் கட்டடம், தெரு, கடற்கரை எல்லாமாக. மெமரியை நிரப்புவது கோபுரமல்லவாம். சுவர், கம்பி, மரம் இவற்றின் மேல் ஒட்டுகிற டெக்ஸ்சர் படங்களாம். ஒன்பது ஜிபி தாண்டிவிட்டது, எட்டு ஜிபி கார்டாக இருந்திருந்தால் திணறியிருக்கும் என்று அவனே ஒப்புக்கொண்டான். திரையில் ஒரு ஜன்னல் கம்பியைப் பெரிதாக்கிக் காட்டினான். செதில் செதிலாக உரிந்த துரு, அப்படியே தத்ரூபம். "எங்கேடா பிடிச்ச?" என்றேன். "நம்ம வீட்டு ஜன்னல்தான் மாமா. இந்த மாதிரி துரு நெட்ல காசு குடுத்தாதான் கிடைக்கும்."

வருஷா வருஷம் பெயின்ட் செலவு என்று பற்றுப் பக்கத்திலேயே எழுதிவந்த துருவை, சர்வீசில் முதல்முறையாகச் சொத்துப் பக்கத்துக்கு மாற்றினேன்.