வீடு தொலைந்துபோகவில்லை

கல்லூரி இறுதியாண்டு ப்ராஜெக்டுகளில் சில தலைப்புகளுக்குச் சாவே கிடையாது. நூலகப் புத்தகக் கணக்கு ஒன்று. வெளியில் தங்கிப் படிக்கும் மாணவர்களுக்கு வாடகை வீடு தேடித் தரும் இணையதளம் இன்னொன்று. அதில் ஒரு வரைபடம் இருக்கும், வாடகையைக் கூட்டிக் குறைக்க ஒரு பட்டை இருக்கும், முகப்பில் வெள்ளைச் சோபா போட்ட ஹால் படம் கட்டாயம் இருக்கும். வேளச்சேரியிலோ தரமணியிலோ மாணவருக்கு வாய்க்கும் மொட்டைமாடி அறைக்குள் அந்தச் சோபா போனால் மாணவர் வெளியில்தான் படுக்க வேண்டும். செய்கிறவர்களின் உழைப்பைக் குறை சொல்லவில்லை, தேவையும் உண்மையானதுதான். ஆனால் இந்தத் தளங்கள் வீட்டைத் தேடுகின்றன. சென்னையில் வீடு எதுவும் தொலைந்துபோகவில்லை. கேட்டில் ‘டு-லெட்’ போர்டைக் கட்டிக்கொண்டு தெருவில் பகிரங்கமாக நிற்கிறது. மாணவருக்குத் தெரியாதது வீடு எங்கே என்பதல்ல, வீட்டுக்காரர் எப்படி என்பது.

போர்டில் இருக்கும் நம்பருக்குப் போன் போட்டால் முதல் கேள்வி நம்முடையதாக இருக்காது. “ஃபேமிலியா, பேச்சிலரா?” என்பார்கள். பேச்சிலர் என்ற சொல்லுக்கு இங்கே கல்யாணம் ஆகாதவர் என்று பொருளில்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் பாட்டுப் போடுகிறவர் என்று பொருள். அடுத்து “சைவமா?” என்பார்கள். அதில் பாதிக் கேள்விதான் சமையலைப் பற்றியது. மீதிப் பாதியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. பெண்கள் என்றால் இரவு கேட் பூட்டும் நேரம் முதலிலேயே அறிவிக்கப்படும், ரயில் புறப்படும் நேரத்தைப் போல. ஆக, இங்கே தேர்ந்தெடுக்கிறவர் வீட்டுக்காரர். சலித்தெடுக்கும் வசதியை நம் இணையதளம் கொண்டுபோய் மாணவர் கையில் கொடுக்கிறது.

காசு விஷயம் இன்னும் ருசியானது. தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய, என்றும் அதே மூச்சில் சொல்கிறது. கையில் பெட்டியோடு நிற்கிற மாணவர் ஒப்புக்கொள்ளாமல் எங்கே போவார்? பத்து மாத அட்வான்ஸ் இன்னும் திடகாத்திரமாகத்தான் இருக்கிறது. கரண்ட் பில்லைப் பாருங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் அரசு அறிவித்தது. மாடி அறைக்கு சப்-மீட்டர் வைத்து முதல் யூனிட்டிலிருந்தே கணக்குப் போடும் வீடுகளில் அந்த இலவசம் படியேறுவதில்லை, கீழ்த்தளத்திலேயே குடியிருந்துவிடுகிறது. காலி செய்யும்போது பெயின்டுக்கு என்று ஒரு தொகையைப் பிடிப்பார்கள். அந்தப் பெயின்டைச் சுவர் பார்த்ததா என்பது அடுத்து வருகிறவருக்குத்தான் தெரியும். இது அத்தனையும் தெரிந்த ஒரே ஜீவன், மே மாதம் மூட்டை கட்டும் சீனியர். ஜூனியர் வருவதற்குள் அவர் ஊருக்குப் போய்விடுகிறார். மாணவர் தளம் பிடித்துவைக்க வேண்டியது அவரைத்தான்.

இதற்குத்தான் வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதில் போன வருஷத்து வீட்டு விவரம் பொங்கல் வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. வீட்டுக்காரரைப் பற்றி எழுதினால் வம்பு வராதா? “மகா கஞ்சன்” என்று எழுதினால் வரும். “அட்வான்ஸில் இவ்வளவு பிடித்தார், மீதியை இத்தனை நாளில் கொடுத்தார்” என்பது வெறும் கணக்கு. அதை உள்ளபடி எழுதினால் போதும். வீட்டுக்காரருக்கும் ஒரு கட்டம் கொடுப்பதுதான் நியாயம். நாலு பேருக்கு என்று விட்ட அறையில் பரீட்சை முடிந்த இரவு பதினாலு ஜோடிச் செருப்பு கிடந்தால், அவர் பக்கமும் சொல்ல விஷயம் இருக்கும். பெரிய நிறுவனங்களின் தளங்களோடு மாணவர்கள் போட்டி போட முடியுமா என்பது இன்னொரு ஆட்சேபம். போட்டி எதற்கு? அவர்களுக்கு வீடு கைமாறினால் வேலை முடிந்தது. சீனியருக்கு அந்த வீட்டில் முழுதாக ஒரு கோடைக்காலம் கழிந்திருக்கிறது.

பதில் சொல்லக் கடினமான ஆட்சேபம் ஒன்றே ஒன்று: தளத்தைக் கட்டியவர் பட்டம் வாங்கிய கையோடு தளமும் கண்ணை மூடிவிடும். டொமைனுக்குப் பணம் கட்டும் தேதியில் அவர் வேறு ஊரில் வேறு வீடு தேடிக்கொண்டிருப்பார். அதனால் இது ஒருவருடைய மதிப்பெண்ணாக இருக்கக் கூடாது. துறையின் சொத்தாக, ஒவ்வோர் ஆண்டும் அடுத்த வகுப்பின் கைக்கு மாறும் வேலையாக இருக்க வேண்டும். அழகு இல்லாவிட்டால் பரவாயில்லை, ஓர் அட்டவணை போதும். அடுத்து இதைக் கையில் எடுக்கப்போகும் தம்பி தங்கைகளே, வரைபடத்தை மெதுவாகச் செய்துகொள்ளலாம். வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரை எத்தனை மணிக்குப் போடுவார் என்ற கட்டத்தை முதலில் போடுங்கள்.