29 பேர் ஆஸ்பத்திரி

அனுப்புநர்: ஒரு லாரி பாடி பட்டறைக்காரன், நாமக்கல்
பெறுநர்: மத்திய தொழிற்பழகுநர் கவுன்சில், புது தில்லி



2025 மே மாதம் நீங்கள் கூடி, அப்ரண்டிஸ்களின் உதவித்தொகையை 36 சதவீதம் உயர்த்தப் பரிந்துரைத்தீர்கள். 5,000 முதல் 9,000 வரை இருந்ததை 6,800 முதல் 12,300 வரை ஆக்கச் சொன்னீர்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் எங்கள் பக்கம் ஆஸ்பத்திரி வேலை பழகும் பிள்ளைகளில் அந்தப் பழைய தொகையை வாங்கியவர் யாரென்று விசாரித்தேன். ஒருத்தரும் அகப்படவில்லை. வராத பணம் 36 சதவீதம் ஏறினால் யார் வீட்டுக்கும் நஷ்டமில்லை என்பதால்தான் இத்தனை தாராளமா?

உங்கள் அப்ரண்டிஸ் சட்டம் 1961-இல் வந்தது. பழகுகிற பிள்ளைக்கு முதலாளி பணம் தரவேண்டும் என்ற பழைய காலத்து யோசனை அதில் இருக்கிறது. நாங்கள் அதைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டோம். இங்கே பழகுகிற பிள்ளைதான் பணம் தருகிறது. ராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்தி வேலூர் என்று எந்த பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் போர்டு தெரியும்: ‘பிளஸ் டூ பாஸ் / ஃபெயில். நர்சிங் அசிஸ்டென்ட். 100% வேலை உறுதி.’ என் அக்கா மகள் அப்படி ஒன்றில் சேர்ந்தாள். அட்மிஷனுக்கு ஒரு தொகை, யூனிஃபார்முக்கு ஒன்று, பரீட்சைக்கு ஒன்று, சர்டிபிகேட்டுக்கு ஒன்று. அக்கா கழுத்திலிருந்த செயின் அடகுக் கடைக்குப் போனது.

‘பிராக்டிகல்’ என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பெட்ஷீட் மாற்றுவாள். பெட்பேன் எடுப்பாள். டிரிப்ஸ் பாட்டில் தீரும்போது ஓடிப்போய் சிஸ்டரைக் கூப்பிடுவாள். பிரஷர் பார்த்து சார்ட்டில் எழுதுவாள். டிஸ்சார்ஜ் ஃபைலைத் தூக்கிக்கொண்டு பில்லிங் கவுண்டருக்கும் லேபுக்கும் மாடி ஏறி இறங்குவாள். நைட் டூட்டியும் உண்டு. உங்கள் 2019 விதிப்படி பிளஸ் டூ முடித்த அப்ரண்டிஸுக்கு மாதம் 7,000 ரூபாய். அதில் 1,500 வரை அரசாங்கமே ஏற்கும். இதை அந்த இன்ஸ்டிட்யூட் மேனேஜரிடம் சொன்னேன். மனுஷன் நிஜமாகவே அதிர்ந்து போனார். “ஏனுங்க, தொழிலும் கத்துக் குடுத்துட்டு காசும் நாங்களே குடுக்கோணுங்களா?”

என் பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிற பையன் டெங்குவில் படுத்தபோது இதே போல ஓர் ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தோம். பில்லில் ரூம் வாடகைக்கு அடுத்த வரி ‘நர்சிங் சார்ஜ்’, நாள் கணக்கில். அவனைப் பார்த்துக்கொண்டது என் அக்கா மகள் போல ஃபீஸ் கட்டி வந்த இரண்டு பெண்கள். பார்த்துக்கொண்டவள் வீட்டிலும் வசூல், பார்க்கப்பட்டவன் வீட்டிலும் வசூல். பட்டறை வைத்து இத்தனை வருஷத்தில் எனக்கு இப்படியொரு வியாபாரம் தோன்றவேயில்லை.

நாங்கள் பிற்போக்கான ஆட்கள். மோகனூரிலிருந்தும் சேந்தமங்கலத்திலிருந்தும் வெல்டிங் ஹோல்டரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் பையன்கள் வருவார்கள். முதலில் கூட்டிப் பெருக்குவான், ஆங்கிள் பிடிப்பான், டீ வாங்கி வருவான். ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் கையில் ஏதாவது கொடுத்துத்தான் அனுப்புவோம். ‘உன் மகன் என் பட்டறையில் ராடு எரித்துப் பழகுகிறான், ஃபீஸ் கட்டு’ என்று அவன் அப்பனிடம் கேட்டால் மொத்த ஊரும் சிரிக்கும்.

2019 திருத்தத்தில், 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் அப்ரண்டிஸ் கட்டாயம், 4 முதல் 29 வரை விருப்பம் என்று வைத்தீர்கள். அன்றிலிருந்து 29 என்பது எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு ராசியான எண். மருந்துக் கடை மச்சான் பெயரில், லேப் சம்சாரத்தின் பெயரில், கேன்டீன் குத்தகைக்கு, செக்யூரிட்டி ஏஜென்சிக்கு. மூன்று மாடிக் கட்டடம், கணக்கில் 29 பேரைத் தாண்டாது. ஒப்பந்த ஆட்களையும் சேர்த்து எண்ணவேண்டும் என்று உங்கள் விதி சொல்கிறது. எண்ணுவதற்குத்தான் யாரும் வருவதில்லை.

சட்டத்தின் 18-ஆம் பிரிவு அப்ரண்டிஸ் தொழிலாளி அல்ல, பயிற்சியாளர் என்கிறது. அந்த ஒரு பிரிவை மட்டும் எல்லா ஆஸ்பத்திரிகளும் மனப்பாடமாக வைத்திருக்கின்றன. ஒப்பந்தம் போடாமல், பதிவு செய்யாமல், உதவித்தொகை தராமல் அதை மட்டும் பின்பற்றுகிறார்கள். பயிற்சிக்கோ பொதுநலனுக்கோ உகந்தது என்று தொழிற்பழகுநர் ஆலோசகர் அனுமதித்தால்தான் ஓவர்டைம் என்று 15-ஆம் பிரிவில் எழுதியிருக்கிறீர்கள். ஆயுத பூஜை லீவில் வார்டுக்கு ஆள் இல்லாமல் என் அக்கா மகளைத் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் நிறுத்தினார்கள். பொதுநலன்தான், சந்தேகமில்லை.

படிப்பு முடிந்தபிறகுதான் அந்தப் பிள்ளைக்கு ஒரு விஷயம் தெரிந்தது. அந்த சர்டிபிகேட்டை வைத்து நர்ஸ் என்று நர்சிங் கவுன்சிலில் பதிய முடியாது. அதற்கு டிப்ளமோவோ பி.எஸ்சி.யோ படிக்கவேண்டும். சரி, கஷ்டப்பட்டுப் படித்து நர்ஸே ஆனாலும், சின்ன தனியார் ஆஸ்பத்திரியில்கூட 20,000-க்குக் குறையாமல் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு 2016-இல் பரிந்துரைத்தது. அதுவும் பரிந்துரைதான். நம் நாட்டில் பரிந்துரைக்குப் பஞ்சமே இல்லை.

ஜெர்மனியில் நர்ஸ் வேலை பழக மூன்று வருஷம். அரசு ஆஸ்பத்திரியில் முதல் வருஷமே மாதம் 1,300 யூரோவுக்கு மேல், நம் காசுக்கு லட்சத்தைத் தாண்டும். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே நம் நர்ஸுகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்து அங்கே அனுப்பப் பார்க்கிறது. பழகுகிறவளுக்குச் சம்பளம் தரும் அந்த அநியாயத்தை நீங்கள்தான் ஜெர்மனிக்காரர்களுக்கு எடுத்துச்சொல்லி நிறுத்தவேண்டும்.

இப்போது என் விண்ணப்பம். என் பட்டறையில் மொத்தம் 8 பேர். எனக்கு அப்ரண்டிஸ் கட்டாயமில்லை, விருப்பம் உண்டு. அக்கா மகள் போன வாரம் வந்து, “மாமா, பேசாம நீங்களே என்னைச் சேத்துக்குங்க” என்றாள். யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் படுகிறது. இங்கே வாரத்துக்கு ஒருத்தனாவது கிரைண்டரில் விரல் கிழித்துக்கொள்வான். ஆர்க் வெளிச்சம் பட்டுக் கண் எரிகிறவன், தகடு விழுந்து கால் வீங்கியவன், தீப்பொறி பட்டுக் கை கொப்பளித்தவன் என்று கேஸுக்குக் குறைவில்லை. பிளஸ் டூ பாஸ், 7,000 ரூபாய், சனிக்கிழமைதோறும் பிரித்துக் கொடுத்துவிடுகிறேன். நர்சிங் அசிஸ்டென்ட் பழகுநரை லாரி பாடி பட்டறையில் பதிவு செய்ய எந்தப் படிவம் என்று மட்டும் தெரிவிக்கவும். நைட் டூட்டி கிடையாது.

இப்படிக்கு,
பட்டறைக்காரன்