பல்லாவரத்துக் கிறுக்கர்கள்

பல்லாவரம் ஜி.எஸ்.டி. சாலைச் சுவர்களில் மூல வைத்தியரும் கண்ணீர் அஞ்சலியும் வருங்கால முதல்வரும் நெருக்கியடித்து நிற்பதைப் பார்த்து ‘காலம் கெட்டுப்போச்சு’ என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்குச் சரித்திரம் தெரியாது. இந்த வட்டாரத்தில் காலம் கற்காலத்திலேயே கெட்டுவிட்டது. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் கண்டெடுத்தது பழைய கற்காலக் கைக்கோடரி. கீறுவதற்குக் கருவி தயார்; ஆள்தான் வரவேண்டியிருந்தது.

வந்தவர் மகேந்திரவர்மப் பல்லவர். குன்றைக் குடைந்து கோயில் செய்தவர், செய்ததோடு விட்டாரா? தன் பட்டப்பெயர்களையும் கல்லில் வெட்டிவைத்தார். விசித்திரசித்தன், மத்தவிலாசன், குணபரன் என்று அவருக்குப் பட்டத்துக்குப் பஞ்சமே கிடையாது. இப்போதைய ஃபிளெக்ஸ் பேனர் ஆடிக் காற்றில் கிழிந்துவிடும். ராஜா வைத்தது 1400 வருஷமாக நிற்கிறது என்பதால் அதற்குக் கல்வெட்டு என்று பெயர். மின்சார ரயிலில் நாம் சாவியால் கீறினால் அபராதம்.

ஆனால் மகா கிறுக்கு வெள்ளைக்காரர்களுடையதுதான். கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக் 1690-களில் அங்கேயே செத்துப்போனார். அவர் கல்லறைக்கு நம் பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல் கப்பலேறிப் போனது என்பார்கள். போகட்டும், செத்தவர் பேரைக் கல்லில் வெட்டுவது உலக வழக்கம். ஆனால் 200 வருஷம் கழித்து, 1893-இல், தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் இந்த வகைப் பாறைக்கே ‘சார்னாக்கைட்’ என்று பெயர் சூட்டினார். மகேந்திரவர்மருக்குச் சில வரிகளுக்கே உளி தேய்ந்திருக்கும். சார்னாக் படுத்த இடத்திலிருந்தே மலை முழுவதையும் தன் பேருக்குப் பட்டா மாற்றிக்கொண்டார்! 2003-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், அந்த ஊரை நிறுவியவர் அவரில்லை என்று தீர்ப்பளித்துவிட்டது. அங்கே பட்டா ரத்து. பல்லாவரத்தில் இன்னும் அவர் பேரில்தான் இருக்கிறது.

அழிப்பதற்கும் நம்மிடம் ஆளுண்டு. 1952 ஆகஸ்ட் 1-ஆம் தேதி திராவிடர் கழகமும் தி.மு.க.வும் ரயில் நிலையப் பலகைகளில் இந்தியின் மேல் தார் பூசின. 2025 பிப்ரவரியில் ஆலந்தூர் அஞ்சலகப் பலகையிலும் அதே வேலை நடந்தது. தார்ச்சட்டி தூக்கும் சிரமம் மட்டும் குறைந்து, கறுப்புப் பெயிண்ட் வந்திருந்தது.

நடுவில், 1959-இல், பொது இடங்களை அலங்கோலம் செய்யாமல் தடுக்கச் சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. சுவர்களுக்கு அதனால் ஒரு வரி கூடுதல் சுமை: ‘சுவரில் எழுதாதீர்’. தாம்பரத்தில் அப்படி ஒன்றுக்குப் பக்கத்திலேயே ‘எழுச்சி மாநாடு’ என்று ஆளுயர எழுத்தில் பார்த்தேன். இரண்டு ‘எழு’வுக்கும் ஒரே சுழி. பெயிண்டர் ஒருவரே.